பிடிச்சதை விடத் தெரியணும்: கபடிப் பையன்களும் ரக்பியும்

ஆனி 4, காலை. பேட்டைக்காரன்

அண்ணாச்சி, எங்க பள்ளிக்கூடத்துல ரக்பி ஆரம்பிக்கப் போறாங்களாம். ரக்பி ஆடினா தலைமைப் பண்பு வரும், ஒழுக்கம் வரும், குணம் திருந்தும்னு கூட்டத்துல ஒரே பேச்சு. வாரது பூரா கபடி ஆடுத பயலுவதான், முப்பது பேர். மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமாவில தங்கம் வாங்கிட்டு வந்த சீமை இது. கபடியில வராத குணமா ரக்பியில வந்துரப் போவுது? வரும்னா எந்த இடத்துல இருந்து வரும்? அதைச் சொல்லுங்க.

ஆனி 4, ராத்திரி. களத்துமேடு

குணம் தானா வராது தம்பி. முப்பது வருஷம் ரக்பி ஆடியும் முரடனாவே இருக்கிறவன் எல்லா நாட்டிலயும் இருக்கான். ஆனா அந்த ஆட்டத்தோட சட்டத்தில் சில இடங்கள் உண்டு. அங்கே நல்ல பழக்கம் இல்லாதவன் உடனே தண்டனை வாங்குவான், அதுவும் தனக்கு மட்டுமில்ல, அணிக்கே. குணம் உருவாகிறது என்று சொல்வதெல்லாம் அந்த இடங்களில்தான்.

முதல் இடம், டேக்கிள் முடிந்த அடுத்த நொடி. பந்து வைத்திருப்பவனைக் கீழே சாய்த்தவன் உடனே அவனையும் பந்தையும் விட்டுவிட்டு விலக வேண்டும். எழுந்து காலில் நின்ற பிறகுதான் பந்தைத் தொடலாம். சாய்ந்தவனும் பந்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கக் கூடாது. இரண்டு பேரும் விட வேண்டும். விடாதவன் அணிமேல் பெனால்டி, எதிரணி அதைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளி.

இங்கேதான் உங்க பயலுவளுக்குச் சிக்கல். கபடியில் பிடித்தால் விசில் வரை விடக் கூடாது. ஐந்து வயதிலிருந்து கை அப்படிப் பழகியிருக்கு. முதல் மாதம் முழுக்க நீங்க கத்தப் போறது ஒரே வார்த்தைதான்: ‘விடுலே!’

இரண்டாவது, நடுவரிடம் பேசுவது. முடிவைப் பற்றிக் கேட்கும் உரிமை கேப்டனுக்கு மட்டும். வேறு யாராவது எதிர்த்துப் பேசினால் பெனால்டி விழுந்த இடம் 10 மீட்டர் முன்னால் போகும். மஞ்சள் அட்டை வாங்கினால் 10 நிமிஷம் வெளியே.

மூன்றாவது, நேரம் கேட்க முடியாது. கபடியில் ஒரு பாதிக்கு இரண்டு தடவை அணி டைம்-அவுட் கேட்கலாம், கோச் வந்து காதைத் திருகலாம். பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் அணிக்கு அந்த வசதி இல்லை. பாதிக்கு 40 நிமிஷம். உள்ளே இருப்பவர்களே முடிவெடுக்கணும்.

ஆனி 5, காலை. களத்துமேடு

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 10 நிமிஷம் என்பது பதினைந்து பேர் ஆட்டத்துக்கு. பள்ளியில் நீங்க ஆடப்போவது ஏழு பேர் ஆட்டமாகத்தான் இருக்கும். அதில் பாதிக்கு 7 நிமிஷம், மஞ்சள் அட்டைக்கு 2 நிமிஷம். ரெண்டு நிமிஷம்தானே என்று நினைக்காதீங்க. மைதானம் அதே 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். அதில் ஆறு பேர் நின்றால் ஆளுக்கு ஆள் இடைவெளியில் மாட்டுவண்டியே போகும். அந்த ரெண்டு நிமிஷத்தில் இரண்டு ட்ரை (எதிராளி நம்ம கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) வாங்குவது சாதாரணம்.

ஆனி 5, மாலை. கரையிருப்பு

கபடியிலயும் ஏழு பேருதான அண்ணாச்சி. அப்ப பாதி வேலை முடிஞ்சிருச்சு.

ஆனி 5, ராத்திரி. களத்துமேடு

எண்ணிக்கை மட்டும்தான் ஒண்ணு. கபடிக் களம் 13க்கு 10. மூச்சு, கால் வேகம், எதிராளி இடுப்பைப் பார்த்துத் திசை கணிப்பது, இதெல்லாம் கபடியிலிருந்து அப்படியே வரும். கபடியில் கார்னர், அதாவது ஓரத்தில் நின்று, ஆடினவன் ரக்பியில் பிரமாதமாக உடம்பைத் தாழ்த்துவான். வராதவை, வந்தால் ஆபத்தானவை இவை:

சங்கிலி. கபடியில் பக்கத்தில் நிற்பவன் கையைக் கோத்துக்கொண்டு நகர்வோம். ரக்பித் தடுப்பு வரிசையில் கை கோத்தால் கட்டிப்பிடிக்க ஒரு கைதான் மிச்சம். வரிசை என்பது கண்ணால் கோப்பது, கையால் இல்லை. உள்பக்கம் நிற்பவனைப் பார்த்து ஒரே வேகத்தில் ஏறணும். ஒருத்தன் மட்டும் முந்தினால் அவன் விட்ட ஓட்டை வழியாகத்தான் எதிராளி போவான்.

தொடையைத் தூக்குவது. கவர் ஆடுபவன் ரைடரின் தொடையை அணைத்துத் தூக்கிப் போடுவான், கைதட்டு விழும். ரக்பியில் ஆளைத் தரையிலிருந்து தூக்கித் தலையோ தோளோ முதலில் தரையில் படும்படி போட்டால் சிவப்பு அட்டை வரை போகும். முதல் நாளே சொல்லிவிடுங்க. தூக்கினால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று.

கணுக்கால் பிடி. நின்ற ரைடர் மேல் பாய்வது வேறு. முழு வேகத்தில் ஓடுகிறவன் காலில் முகத்தைக் கொடுப்பது வேறு. விரல் முறியும், பல் போகும். துரத்திப் போய்ப் பின்னாலிருந்து கணுக்காலைத் தட்டிவிடுவது ரக்பியிலும் செல்லும். எதிரே வருகிறவனிடம் கூடாது.

ஆனி 7. களத்துமேடு

டேக்கிள் எப்படிச் சொல்லித் தருவது என்று மூன்று பேர் கேட்டாச்சு. குணம், தலைமை எல்லாம் அப்புறம் பேசலாம். கழுத்து முதலில்.

தலை பின்பக்கம் இருக்கணும். எதிராளி வலப்பக்கம் ஓடினால் உங்க தலை அவன் முதுகுக்குப் பின்னால் போகணும், கன்னம் அவன் புட்டத்தில் ஒட்டணும். பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், மறக்க மாட்டார்கள். தலை முன்னால் போனால் அவன் முழங்காலோ இடுப்பெலும்போ நேரே மண்டையில் வந்து இடிக்கும். டேக்கிள் காயத்தில் மோசமானவை இந்த ஒரு தவறில்தான் வருகின்றன.

எந்தத் தோளோ அந்தக் காலே முன்னால். கடைசி அடி குட்டையாக, அவன் பாதத்துக்குப் பக்கத்தில். எட்டி நின்று பாய்ந்தால் கை மட்டும் போகும், தோள் போகாது. பிறகு இரு கையாலும் இறுக்கிக் கட்டி, காலைத் தொடர்ந்து ஓட்டணும். கண் கடைசி வரை திறந்திருக்கணும்.

படிகள்: இருவரும் முட்டிபோட்டு. பிறகு டேக்கிள் செய்பவன் முட்டி, எதிராளி நடை. பிறகு இருவரும் நடை. பிறகு 3 மீட்டர் அகலச் சந்துக்குள் மெதுவோட்டம். ஒவ்வொரு படியிலும் தோளுக்குப் பத்து. வலக்கைக்காரனுக்கு இடத்தோள் எப்போதும் சொங்கி. அதற்குக் கூட அஞ்சு போடுங்க. ஒரு படியில் தலை தவறாகப் போனவன் அடுத்த படிக்குப் போகக் கூடாது, அவன் எவ்வளவு பெரிய ரைடராக இருந்தாலும்.

டேக்கிள் பழகுற பை வாங்கக் காசில்லை என்றால் இரண்டு சாக்கை ஒன்றுக்குள் ஒன்று போட்டு உமியும் பழந்துணியும் அடைங்க. வெறும் உமி போட்டால் நாலு நாளில் அடியில் இறங்கி உட்கார்ந்துவிடும், மேல்பாதி துவண்டு போகும். மணல் வேண்டாம், தோள் இறங்கும்.

பின் ‘விடு’ பயிற்சி. சாய்த்தவன் இரண்டு கையையும் விரித்து நடுவருக்குக் காட்டணும், எழுந்து ஒரு தட்டுத் தட்டணும், அதற்குப் பிறகே பந்து. தட்டுச் சத்தம் கேட்காமல் பந்தைத் தொட்டால் பந்து அடுத்த அணிக்கு. அலுப்பாக இருக்கும். ஆனா கை தானாகத் திறக்கும் வரை விடாதீங்க.

ஆனி 9. பேட்டைக்காரன்

கேப்டன் பத்தி ஒண்ணும் சொல்லலியே. பேச்சு பூரா கழுத்தும் தோளுமா இருக்கு.

ஆனி 9, ராத்திரி. களத்துமேடு

சரி. எல்லோரும் சொல்லும் கதையிலிருந்தே ஆரம்பிப்போம்.

2015 உலகக் கோப்பை, செப்டம்பர் 19, பிரைட்டன். ஜப்பான் 29, தென்னாப்பிரிக்கா 32. கடைசி நிமிஷம், ஜப்பானுக்குப் பெனால்டி. உதைத்தால் 3 புள்ளி, ஆட்டம் சமன். இரண்டு தடவை உலகக் கோப்பை வென்ற அணியோடு சமன் என்றாலே ஊர்வலம் விடலாம். கோச் எட்டி ஜோன்ஸ் உதைக்கணும் என்று நினைத்தார். கேப்டன் மைக்கேல் லீச் ஸ்க்ரம் கேட்டார், அதாவது இரு அணியும் கட்டிக்கொண்டு முட்டித் தள்ளிப் பந்தை எடுப்பது. பந்து இடது ஓரம் வரை போய் ஹெஸ்கெத் ட்ரை போட்டார். 34-32. தைரியமே தலைமை என்று அன்றிலிருந்து எல்லா மேடையிலும் இதைச் சொல்கிறார்கள்.

ஒரு வாரம் தள்ளி, செப்டம்பர் 26, டுவிக்கன்ஹாம். இங்கிலாந்து 25, வேல்ஸ் 28. அதே கடைசி நிமிஷம், அதே பெனால்டி, உதைத்தால் சமன். கேப்டன் ராப்ஷா கம்பத்துக்கு உதைக்காமல் மூலைக்கு அடித்து லைன்-அவுட் கேட்டார், அதாவது ஓரக் கோட்டிலிருந்து பந்தை எறிய, வரிசையாக நிற்பவர்கள் எம்பிப் பிடிப்பது. பந்து முன்வரிசையில் அவரிடமே வந்தது. வேல்ஸ்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஓரக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். அடுத்து ஆஸ்திரேலியாவிடமும் தோற்று, போட்டியை நடத்திய நாடு முதல் சுற்றிலேயே வெளியே போனது. அந்தத் தைரியத்தை யாரும் மேடையில் சொல்வதில்லை.

ரெண்டு பேர் செய்ததும் ஒன்றுதான். ஒன்று வீரமானது, இன்னொன்று கோட்டித்தனமானது.

ஆனி 10. களத்துமேடு

ராத்திரி எழுதியது பாதிதான் சரி. ரெண்டும் ஒன்று என்று சொன்னது தப்பு. ஜப்பான் கேட்டபோது தென்னாப்பிரிக்காவின் ஒரு ப்ராப் மஞ்சள் அட்டையில் வெளியே இருந்தார். ஸ்க்ரம்மின் முன்வரிசையில் முட்டுக்கொடுக்கிற ஆள் அவர். எதிரணி ஒருவர் குறைவு என்னும்போது, அந்தக் குறை வலிக்கிற இடத்தையே லீச் கேட்டார். ஸ்க்ரம் என்றால் இரு அணியிலும் எட்டு எட்டுப் பேர் ஒரே இடத்தில் கட்டுண்டு கிடப்பார்கள், மிச்ச மைதானம் காலி. ஓரத்தில் ஓட இடம் கிடைக்கும்.

இங்கிலாந்தின் லைன்-அவுட்டிலோ எதிரணி முழு எண்ணிக்கை. வரிசையின் முன்பக்கம் பந்தைப் போட்டால் கைக்குப் பத்திரமாக வரும். ஆனால் கோடு பக்கத்திலேயே இருக்கிறது, தள்ளிவிட ரெண்டு எட்டுப் போதும். பின்பக்கம் போட்டிருந்தால் பந்து தவறும் ஆபத்து கூடுதல், இடமும் கூடுதல். முடிவெடுத்த பிறகு அதைச் செய்யும்போது பயந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேறு மாதிரிப் பார்ப்பவர்களும் உண்டு.

பையன்களிடம் ரெண்டையும் சேர்த்தே சொல்லுங்க. ஒன்றை மட்டும் சொன்னால் எல்லாப் பெனால்டிக்கும் ஸ்க்ரம் கேட்பான்கள்.

ஆனி 11. கரையிருப்பு

வெப் எல்லிஸ்னு ஒரு மாணவன் 1823ல கால்பந்தைக் கையில தூக்கிட்டு ஓடினான், அதான் ரக்பி பிறந்த கதைன்னு சொல்றாங்களே. அது துணிச்சல்தான?

ஆனி 11. களத்துமேடு

அதற்கு நம்பகமான சாட்சியம் கிடையாது. உலகக் கோப்பைக்கு அவர் பேரை வைத்தாச்சு, இனி யார் மாற்ற? அதைவிட எனக்குப் பிடித்தது கல்கத்தாக் கோப்பை. கல்கத்தாவில் இருந்த ரக்பிக் கழகத்தில் ஆள் குறைந்து கலைத்தார்கள். வங்கியில் மிச்சமிருந்ததை வெள்ளி ரூபாயாக எடுத்து உருக்கிக் கோப்பை செய்தார்கள். மூன்று கைப்பிடியும் நல்ல பாம்பு, மூடியில் யானை. 1879லிருந்து இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காக ஆடுகின்றன. கணக்கை முடிக்கும்போது மிச்சத்தைப் பங்கு போடாத சங்கம் ஒன்றாவது இருந்திருக்கிறது!

ஆனி 16. மானூர்க்காரன்

மும்பையில நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்ல சென்னை புல்ஸ் ஜெயிச்சாச்சு. இனி நம்ம பக்கமும் பந்து வந்துரும். கேப்டன்னு யாரைப் போடணும்? எங்க ஊர்ல நல்லா ரைடு போறவன்தான் கேப்டன்.

ஆனி 17. களத்துமேடு

அங்கேதான் ரக்பி வேறு. ரைடு போகிறவனுக்குக் களம் முழுக்கத் தெரியும். ரக்பியில் கேப்டன் பாதி நேரம் குவியலுக்கு அடியில் கிடப்பான், கண்ணில் மண். ரிச்சி மெக்கா நியூசிலாந்துக்கு 148 ஆட்டம் ஆடினார், 110இல் கேப்டன். அவர் ஆடிய இடம் ஃபிளாங்கர். ஒவ்வொரு குவியலிலும் தலையை விடுகிற வேலை. எதிரணி வரிசையில் எங்கே ஆள் குறைவு என்று அங்கிருந்து எப்படித் தெரியும்?

அதனால் பதினைந்து பேர் ஆட்டத்தில் வேலை பிரிகிறது. லைன்-அவுட்டில் எந்த இடத்துக்குப் பந்து என்று அழைப்பவன் ஒருவன், பெரும்பாலும் ஸ்க்ரம்மின் இரண்டாம் வரிசையில் நிற்கும் உயரமான லாக். உதைக்கலாமா ஓடலாமா என்பது பத்தாம் எண். குவியலுக்குப் பின்னால் நின்று முன்வரிசையை இடம், வலம் என்று ஓட்டுவது ஒன்பதாம் எண். கடைசியில் நிற்கும் பதினைந்தாம் எண்ணுக்குத்தான் மொத்த மைதானமும் தெரியும். அவன் வாயில்லாப் பூச்சியாக இருந்தால் அணி குருடு. கேப்டனுக்கு மிஞ்சுவது மூன்று: நடுவரிடம் பேசுவது, பெனால்டியில் தேர்வு, அப்புறம் யார் சொல்வதை இப்போது கேட்பது என்பது.

ஆறு வாரம் கேப்டனே போடாதீங்க. அதுவரை அஞ்சு நிமிஷ ஆட்டங்கள் வையுங்க. ஒன்றில் எல்லோரும் பேசலாம். அடுத்ததில் ஒன்பதாம் எண்ணின் வேலை பார்ப்பவன் மட்டும். அடுத்ததில் யாருமே பேசக் கூடாது. அதற்கடுத்து, நடு ஆட்டத்தில் அதிகம் பேசுகிறவனை வெளியே உட்கார வையுங்க. அவன் போனதும் வாய் திறக்கிற ஒருத்தன் இருப்பான் பாருங்க, அவனைக் குறித்து வைங்க.

ஆனி 17, ராத்திரி. களத்துமேடு

ஒன்றை விட்டுவிட்டேன், அதுதான் முக்கியம். தலையில் அடிபட்டவனை வெளியே அனுப்புவது. மயங்கி விழணும் என்று இல்லை. எழும்போது தள்ளாடுவது, ஸ்கோர் என்னவென்று தெரியாமல் முழிப்பது, தலைவலி, கண் கூசுவது, இதில் ஒன்று இருந்தாலும் வெளியே. அன்றைக்குத் திரும்ப ஆடக் கூடாது. சந்தேகம் என்றாலும் அதே. ‘ஒண்ணுமில்ல சார், ஆடுதேன்’ என்பான். அவன் சொல்வதை வைத்து முடிவெடுக்கக் கூடாது, அடிபட்ட மூளைதானே பேசுகிறது. பக்கத்தில் நிற்கும் சேக்காளிக்குத்தான் முதலில் தெரியும். அவன் கையைத் தூக்கிச் சொல்லணும். தோற்றுக்கொண்டிருக்கும்போது அணியின் நல்ல ஆட்டக்காரனைப் பற்றி அப்படிச் சொல்வது லேசில்லை. கேப்டன் தேர்வில் நான் இதற்குத்தான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

ஆனி 24. மானூர்க்காரன்

இன்னைக்கு நெல்லையப்பர் தேரு. நீங்க சொன்ன ஒன்பதாம் எண்ணை நேர்ல பார்த்தேன். வடம் பிடிக்கிறவங்க ஆயிரக்கணக்குல, சக்கரம் யாருக்கும் தெரியாது. சறுக்குக்கட்டை போடுறவர்தான் தேரைத் திருப்புறாரு.

ஆனி 25. களத்துமேடு

நல்ல பார்வை. பந்து வைத்திருப்பவனைப் பிடித்து நிற்கவைத்து இரு அணியும் நின்றபடியே தள்ளுவதை மால் என்பார்கள். உள்ளே இருக்கிறவனுக்கு முன்னால் இருப்பவன் முதுகுதான் தெரியும். ஒன்பதாம் எண் சொல்லித்தான் திரும்பணும். ஆனா ஒப்புமையை ரொம்ப இழுக்காதீங்க. வடத்தை விட்டுவிட்டு மோர் குடிக்கப் போகலாம். மாலில் கட்டு விட்டால் ஆள் செல்லாது, பக்கத்திலிருந்து நுழைந்தாலும் பெனால்டி. தேருக்கு எதிர்ப்பக்கம் தள்ள ஆளும் கிடையாது. 2024 தேரில் வடம் அறுந்து நின்றதே, அதுதான் எதிரணி.

ஆனி 28. கரையிருப்பு

டாஸ் ஜெயிச்சா என்ன கேக்கணும்?

ஆனி 28. களத்துமேடு

நம்ம ஊரில் ஆனி, ஆடியில் மேல்காற்றைத்தான் கேட்கணும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று கயத்தாறுப் பொட்டலில் காற்றாலையைச் சுழற்றுகிறது, 400 கிராம் சொச்சம் உள்ள முட்டைப் பந்தை விடுமா? மைதானத்தைக் கிழமேலாகப் போட்டால் ஒரு பாதி முழுக்கக் காற்றோடு, ஒரு பாதி எதிர்க்காற்று. டாஸ் வென்றவர் பக்கத்தையோ முதல் உதையையோ தேர்ந்தெடுக்கலாம். முதல் பாதியில் காற்றோடு ஆடிப் புள்ளி சேர்ப்பது ஒரு வழி. எதிரணி இளைக்கும் இரண்டாம் பாதிக்குக் காற்றை வைத்திருப்பது இன்னொரு வழி. ஏழு பேர் ஆட்டத்தில் முதல் வழி, ஏழு நிமிஷத்தில் யாரும் அவ்வளவு இளைக்க மாட்டார்கள். பாளையங்கோட்டை வெயிலில் மதியம் வைத்தால் இளைப்பார்கள், ஆனா மதியம் வைக்காதீங்க.

தென்வடலாகப் போட்டால் குறுக்குக்காற்று. அப்போது மேற்கே கொடுக்கும் பந்து நின்று விழும், கிழக்கே கொடுப்பது ஆளைத் தாண்டிப் போகும். மேற்கே போகும்போது ஓட்டக்காரர்கள் ஒரு எட்டு நெருங்கி நிற்கணும். கரிசல் நிலமாக இருந்தால் இந்த மாசத்தில் வெடிப்பு பார்த்துக்கோங்க, கணுக்கால் உள்ளே போகும். டேக்கிள் பயிற்சிக்குச் சரளை வேண்டவே வேண்டாம்.

ஆடி 3. பேட்டைக்காரன்

ரெண்டு வாரம் ஆச்சு அண்ணாச்சி. ‘விடு’ பயிற்சி நடக்கு. புதுச் சிக்கல். சாய்த்தவன் விடுதான். விழுந்தவனும் விழும்போதே பந்தை விட்டுருதான். முன்னால உருண்டு நாக்-ஆன் (பந்து கை தவறி முன்னால போற குத்தம்) ஆவுது, ஒவ்வொண்ணுக்கும் ஸ்க்ரம். ஒரு மணி நேரத்துல பதினெட்டு ஸ்க்ரம்.

ஆடி 3, ராத்திரி. களத்துமேடு

சிரித்துவிட்டேன், மன்னிக்கணும். ‘விடுலே’ என்று பொதுவாகக் கத்தினால் எல்லோரும் விடத்தான் செய்வார்கள். விழுந்தவனுக்கு வேறு வார்த்தை கொடுங்க: ‘வை.’

ரெண்டு கையாலும் பந்தை நெஞ்சோடு அணைத்துத்தான் விழணும். முதலில் முட்டி, பிறகு இடுப்பு, பிறகு தோள். கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும், பந்தும் போகும். தரையில் பட்டதும் முதுகு எதிரணிப் பக்கம், முகம் தன் அணிப் பக்கம். அப்புறம் ரெண்டு கையையும் நீட்டித் தன் அணிப் பக்கமாகப் பந்தை வைக்கணும், பந்தின் நீளவாக்கு மைதானத்தின் நீளவாக்கோடு. குறுக்கே வைத்தால் உருளும். வைத்துவிட்டு விடணும்.

டேக்கிள் இல்லாமலே பத்துத் தடவை தனியாக விழச் சொல்லுங்க, பிறகு சாக்கைத் தோளில் இடித்து, பிறகுதான் ஆளோடு. பந்தில் காற்றையும் பாருங்க. புதுப் பந்தைக் கால்பந்து மாதிரிக் கல்லாக அடைத்திருப்பார்கள். 9.5லிருந்து 10 பவுண்டு அழுத்தம் போதும்.

அதுவரை ஸ்க்ரம்மில் தள்ள விடாதீங்க, மூன்று மூன்று பேராகச் சேர்ந்து நின்றால் போதும். பதினெட்டுத் தடவை தள்ளினால் கழுத்து தாங்காது.